முன்சக்கரத்தின் சத்தமும் ஓட்டுநரின் ஜெபமும்



சென்ற சனிக்கிழமை பிற்பகல் என்னைத் தேடி வந்தவர்கள், போதகர் இல்லத்தின் முற்றத்தில் நின்ற காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். அவை என்னுடைய கால்கள்தாம். “ஐயா, இந்த வேலையெல்லாம் உங்களுக்கு எதற்கு? ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஆகாதா?” என்று ஒரு சகோதரி கேட்டார்கள். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கை முழுவதும் கிரீஸ். மனமும் அவ்வளவு சுத்தமாக இல்லை. ஆகவே இந்த வாரத் தியானத்தை அந்தப் பதிலுக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் காலையில் தேரிக்காட்டு ஓரமாக இருக்கும் கிராமத்துக்குச் சென்று, நடக்க இயலாத பாட்டிமார் மூவரையும் கண்பார்வை குறைந்த பெரியவர் ஒருவரையும் ஆராதனைக்கு அழைத்து வருவது என் வழக்கம். இது நீங்கள் அறிந்ததே. நீங்கள் அறியாதது ஒன்று உண்டு. ஏறக்குறைய ஆறு மாதங்களாக அந்தக் காரின் இடப்பக்க முன்சக்கரத்தில் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் கேட்கும். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் சற்று இடப்பக்கம் இழுக்கும். நான் என்ன செய்தேன் என்றால், பாடல்களின் ஒலியைக் கூட்டி வைத்தேன். புறப்படும்முன் கண்களை மூடி, “ஆண்டவரே, போக்கையும் வரத்தையும் காத்தருளும்” என்று ஜெபித்தேன். பாட்டிமார் ‘ஆமென்’ என்றார்கள். அந்த ‘ஆமெனை’ நினைக்கும்போது இப்பொழுது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பல ஆண்டுகள் வேலைசெய்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் நம் சபையில் இருக்கிறார். ஒருநாள் என்னோடு காரில் வந்தவர், கையை நீட்டிப் பாடலை நிறுத்திவிட்டு, “ஐயா, இந்தச் சத்தம் எத்தனை நாளாய்க் கேட்கிறது?” என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “பாட்டிமாரை ஏற்றுவதற்குமுன் இதைப் பார்த்துவிடுவோம்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே பார்த்தோம். முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, கடிகாரத்தில் 12-உம் 6-உம் இருக்கும் இடங்களில் இரு கைகளையும் வைத்து ஆட்டச் சொன்னார். சக்கரம் ஆடியது. 9-உம் 3-உம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் அங்கும் ஓர் அசைவு. முதலாவது லோயர் ஆர்மின் நுனியிலுள்ள பால் ஜாயின்ட் தேய்ந்ததால் வந்தது; வீல் பேரிங் போனாலும் இப்படி ஆடும் என்பதால் ஒரு கம்பியைக் கொடுத்து ஆர்மை நெம்பிப் பார்த்து அதை உறுதிசெய்துகொண்டார். இரண்டாவது, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் வந்தது. பால் ஜாயின்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. தேரிமண் எவ்வளவு நுண்ணியது என்பது நமக்குத் தெரியும். அலமாரிக்குள் மடித்து வைத்த வேட்டியையும் அது விடுவதில்லை. அந்த மண் உறைக்குள் புகுந்து கிரீஸோடு குழைந்து, மசகாக இருந்ததை உப்புத்தாளாக மாற்றிவிட்டிருந்தது.

மாருதி 800 தொடங்கி நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பில் செய்யப்பட்டது. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஷெவ்ரோலெட்டின் ஒரு சிறிய காருக்காக அதை வடிவமைத்தார். அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. பிறகு அவர் ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்றபோது அந்த அமைப்பு வழக்குக்கு வந்தது. வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. கீழேயிருக்கும் பால் ஜாயின்ட் அந்த எடையைச் சுமப்பதில்லை. ஆனால் சக்கரம் தன் இடத்தை விட்டு விலகாதபடி பிடித்துக்கொள்வது அதுவே. அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடியும். அப்பொழுது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பின் இருக்கையில் மூன்று பாட்டிமார்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். ஒருவன் தவறி விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது அந்தப் பகுதி. இதைக் குறித்து நான் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை. சுவர் கட்டாமல் விட்டவன், “விழாதபடி காத்தருளும்” என்று மாடியில் நின்று ஜெபித்தால் போதும் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஓட்டுகிறவர் ஜெபிக்கட்டும், ஆனால் காதுக்குக் கேட்கிற சத்தத்தை ஜெபத்தால் மூடக்கூடாது என்பதே என் துணிந்த கருத்து. நம் சபைகளில் விபத்திலிருந்து தப்பிய சாட்சிகள் ஏராளம். அவற்றில் சில, டயரையும் பிரேக்கையும் முந்தின வாரமே பார்த்திருந்தால் சொல்ல வேண்டியிராத சாட்சிகள். இப்படி எழுதுவது சிலருக்கு வருத்தம் தரலாம். முதலில் என்னையே சொல்லிக்கொண்டேன் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சரி, வீட்டிலேயே செய்தது ஏன்? பணம் மிச்சம் என்பது ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் அதுவன்று. தான் ஓட்டும் வண்டியில் எது தேய்ந்தது, எது தாங்குகிறது என்பதைத் தன் கையால் தொட்டுப் பார்த்தவன் அந்தச் சத்தத்தை மறுபடியும் அலட்சியம் பண்ணமாட்டான். வாலிபர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் எந்த விதத்தில் என்பதிலே நான் கண்டிப்பானவன்.

உதவிக்கு வந்த தம்பி ஒருவர், ஜாக்கி போதும், வேண்டுமானால் இரண்டு ஹாலோ பிளாக் வைத்துக்கொள்வோம் என்றார். அண்ணாச்சி அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட்டார். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி ஒருவரும் அடியில் தலையை நீட்டலாகாது. சிமெண்ட் கல் எச்சரிக்கை கொடாமல் நொறுங்கும். பக்கத்து ஊர்ப் பட்டறையிலிருந்து இரும்பு முக்காலித் தாங்கிகள் இரண்டு வந்து சேர ஒரு மணி நேரமாயிற்று. அந்த ஒரு மணி நேரம் எங்களில் சிலருக்குப் பொறுமையைச் சோதித்தது. பின்சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைத் தளர்த்தி, அதன்பின்னரே தூக்கினோம்.

பழைய பாகங்களைக் கழற்றுவதே பெரும்பாடு. டை ராட் எண்டின் கூம்புத் தண்டு தன் குழிக்குள் ஆண்டுக்கணக்கில் இறுகியிருந்தது. நான் தண்டின் நுனியில் அடிக்கப் போனேன். அண்ணாச்சி தடுத்து, குழியைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டில் இரண்டு அடி கொடுத்தார். அது தானாகக் கீழே இறங்கிற்று. கழற்றும்முன் அதன் மரை எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டோம். எங்கள் காரில் பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருவதால் ஆர்ம் முழுவதையும் மாற்றினோம். வலப்பக்கத்தில் அவ்வளவு தேய்மானமில்லை. ஆனாலும் இருபக்கமும் ஒரே தூரம் ஓடியவையே என்று அண்ணாச்சி இரண்டையும் மாற்றச் சொன்னார். ஸ்பிளிட் பின்களும் புதியவை. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடியும் போடுவதை அவர் திருட்டுக்குச் சமமாகப் பேசுகிறார்.

இங்கே நான் ஒரு பிழை செய்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஆர்மின் உட்புற போல்ட்டை முழுப்பலத்தோடு முறுக்கிவிட்டேன். நன்றாய்ச் செய்தோம் என்ற திருப்தியும் இருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, தளர்த்துங்கள் என்றார். அங்கே இருப்பது ரப்பர் புஷ். ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் அதை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கி ஆர்ம் மேலே எழும்பும்போது ரப்பர் எந்நேரமும் முறுக்குண்டே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துபோகும். ஆகையால் அந்த போல்ட்டை ஓரளவு பிடித்துவைத்து, வண்டியின் பாரம் சக்கரத்தின்மேல் வந்தபின்னரே கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். நான் மறுபடியும் அடியில் சென்றேன். முற்றத்து விளக்கும் கொசுக்களும் துணையிருந்தன. (ஞாயிறு பிரசங்கம் வழக்கத்தைவிடக் குறுகியதாக இருந்ததற்குக் காரணம் இதுவே. ஒருவரும் குறைசொல்லாததைக் கவனித்தேன்.)

ஸ்ட்ரட்டையும் மாற்றிவிடலாம் என்று தம்பி ஆசைப்பட்டார். அதற்கு நானும் அண்ணாச்சியும் ஒருமனதாய் மறுத்தோம். அமுக்கப்பட்ட ஸ்பிரிங்குக்குள் அடங்கியிருக்கும் விசை, அதற்குரிய கருவியின்றி மேல் நட்டைக் கழற்றுகிறவனுடைய முகத்தில்தான் வெளிப்படும். அந்த வேலை பட்டறைக்கு உரியது. வீட்டில் செய்யத்தக்கது இன்னது, தகாதது இன்னது என்று பிரித்தறியாதவர் ஸ்பானரைத் தொடாதிருப்பது நலம். திங்கட்கிழமை வீல் அலைன்மென்ட் கடையில், நாங்கள் முறுக்கிய ஒவ்வொரு நட்டையும் வேறொருவர் கண்ணால் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். எனக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. டை ராட் எண்டை எண்ணிக்கை தவறாமல் பொருத்தியும் அலைன்மென்ட் சற்று விலகியே இருந்தது.

சபைக் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு சபை வேனுக்குப் புதிய வர்ணமும், கண்ணாடியில் வசன ஸ்டிக்கரும் ஒரே அமர்வில் அனுமதிக்கப்பட்டன. முன்பக்க புஷ்களை மாற்றும் செலவு மூன்று கூட்டங்களாகத் தள்ளிப்போகிறது. அந்த வேனில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பிரயாணம் செய்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதையே முதல் பொருளாக வைக்கப்போகிறேன்; வேன் சரியாகும்வரை பிள்ளைகளை அதில் ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன். இதனால் சிலருக்கு அலைச்சல் உண்டாகும் என்பதை அறிவேன். இருசக்கர வாகனமும் ஆட்டோவும் வைத்திருக்கும் சகோதரர்கள் சனிக்கிழமைக்குள் என்னிடம் தெரிவித்தால் முறை வகுத்துக்கொள்ளலாம்.

கார் இப்பொழுது அமைதியாக ஓடுகிறது. இடப்பக்க முன் டயரின் உள்விளிம்பு மட்டும் ஆறு மாத அலட்சியத்தால் மழுங்கிப்போயிருக்கிறது. அதையும் புதன்கிழமை மாற்றுகிறோம். பாட்டிமார் வழக்கம்போல எட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் காத்திருக்கலாம்.