கார்புரேட்டரைக் கழட்டாதீங்க சாமி!

பழைய அம்பாசடரோ பத்மினியோ வச்சிருக்கிறவங்களுக்கு இது பழக்கமான காட்சி. காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது. பானட்டைத் தூக்கின ரெண்டாவது நிமிஷம் நாலு பேர் கூடிடுவாங்க. மெக்கானிக், எதிர்வீட்டுக்காரர், பால் பாக்கெட் வாங்கப் போனவர்னு யாரா இருந்தாலும் தீர்ப்பு ஒண்ணுதான்: "கார்புரேட்டர்ல அடைப்பு சார், கழட்டி கிளீன் பண்ணணும்."

நான் இதுக்கு நேர் எதிர்க்கட்சி. வண்டி மக்கர் பண்ணினா கடைசியாக் கை வைக்க வேண்டிய சாமான்தான் கார்புரேட்டர். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்.

எங்க வீட்டுல இருக்கறது அப்பா ஓட்டின அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். போன வருஷம் அதுக்குப் புதுசா ஒரு சீக்கு வந்துச்சு. காலையில செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கற நேரத்துலதான் உயிர் வரும். ஊருக்குள்ள நல்லா ஓடும். பைபாஸ்ல அறுபதைத் தாண்டினா இருமும், இழுக்காது. ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் நிறுத்தினா திரும்பவும் நல்ல பிள்ளை.

முதல் மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரிச்சு, புது கிட் போட்டுக் கொடுத்தார். சரியாகலை. ரெண்டாவது மெக்கானிக் பெட்ரோல் பம்பையே மாத்தினார். சரியாகலை. மூணாமவர் டேங்க் துருப்பிடிச்சிருச்சு, இறக்கணும்னார். அதுக்குள்ள 11,000 ரூபாய் கரைஞ்சிருச்சு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அன்னைக்கு விடிகாலையில வண்டி கிளம்பாம, கால் டாக்ஸி பிடிச்சு ஓடினோம். மாமா சொல்லிட்டார்: "எடைக்குப் போட்டுடுறா, உங்கப்பன் பேரைச் சொல்லிக்கிட்டு எத்தனை நாள் தள்ளுவ?" காயலான் கடைக்காரர் வந்து விலையும் பேசிட்டுப் போனார்.

கடைசியில என்ன கோளாறு? டேங்குக்குப் பக்கத்துல இரும்புக் குழாயையும் இன்னொரு குழாயையும் இணைக்கிற அரை அடி ரப்பர் ஓஸ். வளைச்சுப் பாத்தா முழுக்க முடி மாதிரி வெடிப்பு.

ஆனா ஒரு சொட்டு பெட்ரோல்கூட ஒழுகலை. மூணு பேரும் ஏமாந்தது இங்கதான். அம்பாசடர்ல டேங்க் பின்னாடி, பம்ப் முன்னாடி எஞ்சின்ல. பம்ப் அவ்வளவு தூரத்துல இருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்குது. உறிஞ்சற பக்கத்துல ஓட்டை இருந்தா பெட்ரோல் வெளிய வர்றதை விடக் காத்து உள்ள போறதுதான் அதிகம். ஓட்டை போட்ட ஸ்ட்ராவுல இளநி குடிக்கிற கதை. ராத்திரி வண்டி நின்னா குழாய்ல இருக்கற பெட்ரோல் டேங்குக்கே இறங்கிடும், அதான் காலையில அவ்வளவு செல்ஃப். மெதுவா ஓட்டினா கிடைக்கறது போதும். வேகம் போனா பத்தாது. பம்புக்கு முன்னாடி உள்ளே தெரியற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் மாட்டினேன். எஞ்சின் ஓடும்போது அதுக்குள்ள சோடா மாதிரி குமிழ். ஃபில்டர், ஓஸ், கிளிப்பு எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

இதுல மூணு மெக்கானிக்கையும் திட்டறதுக்கு நான் வரலை. என் கோபம் அந்தப் பழக்கத்து மேல. சோதிக்காம மாத்தறது. பழைய வண்டியில சோதிக்கிறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லை. வரிசை மட்டும் தப்பக்கூடாது.

முதல்ல பேட்டரி. செல்ஃப் அடிச்சா டக் டக்னு சத்தம் மட்டும் வருதா? டெர்மினல்ல பூத்திருக்கற வெள்ளையைச் சுரண்டி இறுக்குங்க. எஞ்சினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டையையும் பாருங்க.

அடுத்தது கரண்ட். காயில்ல இருந்து வர்ற தடி ஒயரை, இன்சுலேஷன் போட்ட கொறடால பிடிச்சு, எஞ்சின் இரும்புல இருந்து அஞ்சாறு மில்லிமீட்டர் தள்ளி வச்சு, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. சடக்னு நீலமாப் பொறி வந்தா காயில் வரைக்கும் சரி. அதுக்கப்புறம் ரோட்டரும் மூடியும் பிளக்கும் பாக்கணும். மஞ்சளா, சோகையா வந்தா பாயிண்ட்டையும் கண்டன்சரையும் பாருங்க. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். இந்தச் சோதனையைப் பெட்ரோல் குழாயைக் கழட்டறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. பொறியும் பெட்ரோல் வாடையும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது.

அப்புறம்தான் பெட்ரோல். எஞ்சின் ஆறினதுக்கு அப்புறம், காயிலோட சின்ன ஒயரைக் கழட்டிட்டு, கார்புரேட்டருக்கு வர்ற குழாயை உருவி ஒரு பாட்டில்ல விட்டு செல்ஃப் அடிங்க. பீச் பீச்னு விட்டு விட்டு அடிக்கணும். அடிச்சா டேங்க், குழாய், பம்ப் மூணும் பாஸ். அப்பத்தான் கார்புரேட்டர் மேல சந்தேகப்பட நமக்கு உரிமையே வருது. அடிக்கலைன்னா கோளாறு பம்புலயோ அதுக்குப் பின்னாடியோ. டேங்க் மூடியைத் திறந்து வச்சும் ஒரு தடவை பாருங்க. மூடியில காத்து போற ஓட்டை அடைஞ்சிருந்தா டேங்குக்குள்ள வெற்றிடமாகி பெட்ரோல் வராது. பத்து பைசா செலவில்லாத வைத்தியம்.

வெயில்ல ஓடி நின்னுட்டா உடனே பொறியைப் பாருங்க. பொறி இல்லைன்னா சூட்டுல காயிலோ கண்டன்சரோ படுத்திருக்கலாம். பொறி நல்லா இருந்தா குழாய்ல பெட்ரோல் ஆவியாகி நிக்குது. அந்தக் காலத்து டிரைவருங்க மலைப்பாதையில பம்ப் மேல ஈரத்துணி சுத்தினது சும்மா இல்லை.

இதெல்லாம் இப்ப ஏன் முக்கியம்னா, பெட்ரோலே மாறிடுச்சு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில விற்பனைக்கு வந்துச்சு. 2030-க்குன்னு முதல்ல வச்ச இலக்கை 2025-லேயே எட்டியாச்சு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊற வச்சுக் கெடுக்கும். டேங்க்ல வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டிருந்த கசடைக் கரைச்சு ஃபில்டர்ல கொண்டு வந்து சேர்க்கும். அம்பாசடர் உற்பத்தி 2014-லயும், பத்மினி அதுக்கு ரொம்ப முன்னாடியும் நின்னுபோச்சு. இந்த வண்டியெல்லாம் வடிவமைச்ச காலத்துல இப்படி ஒரு பெட்ரோலை யாரும் நினைச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க. அதனால ஓஸ், பம்ப் டயாபிரம் ரெண்டையும் எத்தனால் தாங்கற ரகமாக் கேட்டு வாங்கி மாத்திடுங்க. ரொம்ப நாள் ஓட்டாம வைக்கப் போறீங்கன்னா டேங்கைக் காலி பண்ணிடறது நல்லது.

பாயிண்ட் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்ன பழைய மெக்கானிக்குங்க ஒவ்வொருத்தரா கடையை மூடிட்டாங்க. இப்ப வர்ற பசங்க ஸ்கேனர் மாட்டிப் படிச்சவங்க. நம்ம வண்டியில ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது, அவங்க என்ன செய்வாங்க? வண்டி நம்மளுது. அரை மணி நேரச் சோதனையை நாமதான் கத்துக்கணும். இல்லைன்னா நல்ல எஞ்சினோட எத்தனையோ வண்டி அரை அடி ஓஸுக்காக எடைக்குப் போகும்.

என்னோடது தப்பிச்சுது. ஆபரேஷன் முடிஞ்சு அடுத்த மாசம் செக்கப்புக்கு அம்மா அதுலதான் வந்தாங்க. முதல் செல்ஃப்லயே எடுத்துச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை, டேஷ்போர்டை மட்டும் முந்தானையால ஒரு தடவை துடைச்சாங்க.

டிஸ்கி: பெட்ரோல் வேலை பாக்கும்போது பக்கத்துல பீடி, சிகரெட், செல்போன் வெளிச்சத்தை நீட்டிக்கிட்டு முகத்தை உள்ள விடற மச்சான், யாரையும் சேர்க்காதீங்க. வண்டியும் முக்கியம், புருவமும் முக்கியம்.