இஎம்ஐ எவ்ளோனு கேட்டது போதும்... எத்தனை மாசம் பாக்கினு கேளுங்க!

கோவையில் புதுசா வீடு வாங்கியவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். "எத்தன சென்ட்டுங்க?", "சிறுவாணித் தண்ணி வருதுங்களா?", "மாசம் எவ்ளோ கட்டறீங்க?" சரவணம்பட்டியில் அபார்ட்மென்ட் என்றால் முதல் கேள்விக்குச் சிரித்து மழுப்ப வேண்டியதுதான். ஆனால், யாருமே கேட்காத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது: "இன்னும் எத்தனை மாசம் பாக்கி?" ஹோம் லோனில் லட்சங்கள் போவதும் மிஞ்சுவதும் அங்கேதான்.

50 லட்சம் கடன், 20 வருஷம், 8.5% வட்டி என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ 43,391 ரூபாய். முதல் மாதம் அதில் 35,417 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 7,974. கடைசி வரை கட்டினால் மொத்தம் சுமார் 1.04 கோடி. ஒரு வீட்டுக்குக் கடன் வாங்கி, ரெண்டு வீட்டுக்குக் காசு கட்டுகிறோம்!

இந்தக் கணக்கு நடுவில் மாறவும் செய்யும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயம் இணைக்கப்படுகின்றன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4%-லிருந்து 6.5%-க்குப் போனது. 6.5% வட்டியில் 50 லட்சம் வாங்கியவரின் இஎம்ஐ 37,279. வட்டி 9% ஆனால், 50 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 37,500. அதாவது, கட்டுகிற தவணை வட்டிக்கே பத்தாது!

அப்போது பலருக்கு இஎம்ஐ பெரிதாக ஏறவில்லை. சத்தமில்லாமல் வருஷங்கள் ஏறின. சம்மதம் கேட்காமல் இப்படிச் செய்வதாகப் புகார்கள் வந்ததால், 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே தலையிட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்றது.

2025-ல் காற்று திசை மாறியது. பிப்ரவரி முதல் டிசம்பருக்குள் ரெப்போ 6.5%-லிருந்து 5.25%-க்கு இறங்கியது. நம் 8.5% கடன் 7.25% ஆகிறது என்று வைத்தால், இஎம்ஐ-யை 39,519 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். மாசம் 3,872 ரூபாய் மிச்சம். ஜாலிதான்! ஆனால், ப்ரூக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரெண்டு தடவை குடும்பத்தோடு போய்வந்தால் அது காலி.

பழைய 43,391-ஐயே தொடர்ந்து கட்டினால்? கடன் 240 மாசத்துக்குப் பதில் 198 மாசத்தில் முடியும். மூன்றரை வருஷம் முன்கூட்டியே விடுதலை. மொத்தத்தில் சுமார் 9 லட்சம் மிச்சம். அதனால் வட்டி குறையும்போது இஎம்ஐ-யைக் குறைக்காதீங்க, வருஷத்தைக் குறைங்க என்பதே நம் கட்சி.

வேலை நிச்சயமில்லை, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் கழுத்தைப் பிடிக்கிறது என்றால், இஎம்ஐ-யைக் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. தனிநபர்களின் ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது அசலில் கொஞ்சம் கழித்துவிடலாம். ஆனால், ஹவுஸிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். ரெப்போவோடு இணைக்கும் கட்டாயம் வங்கிகளுக்கு மட்டும்தான்; ரெப்போ இறங்கியதும் உங்கள் வட்டியும் தானாக இறங்கும் என்று இருந்துவிடாதீங்க.

மூன்று மாசத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் ஸ்டேட்மென்ட்டைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2023 உத்தரவில் இருக்கிறது. இதுவரை கழிந்த அசல், வட்டி, பாக்கித் தவணைகள் எல்லாம் அதில் இருக்கும். பாக்கி மாசம் நீங்கள் நினைத்ததைவிட அதிகமா? நேராக பிராஞ்சுக்குப் போங்க. "ஏனுங்க மேனேஜர் சார், என்ற லோன் எப்பங்க முடியும்?" என்று கொங்கு மரியாதை குறையாமலே கேட்கலாம். பதிலை எழுத்தில் வாங்காமல் மட்டும் திரும்பி வராதீங்க.