மகளுக்கும் ஓய்வு நாள் வேண்டும்

தொழிலாளிக்கு வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், செய்த வேலை கணக்கில் ஏறவேண்டும். இவை தொழிற்சங்க இயக்கத்தின் அடிப்படைக் கோரிக்கைகளாகும். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வார ஓய்வு நாளைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. அச்சட்டத்தின்கீழ் 48 மணியாக இருந்த வார வேலை நேர வரம்பு, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. பெரட்டுக்கு வந்தவர் பெயர் செக்ரோலில் விழாமற்போனால் நாம் சும்மா இருப்பதில்லை; கிராணியிடம் கேட்கிறோம், வேண்டுமானால் சங்கத்துக்கும் கொண்டுபோகிறோம்.

ஆனால் எந்தச் செக்ரோலிலும் பெயர் ஏறாத ஒரு தொழிலாளி நம்மில் பலருடைய வீட்டிலேயே இருக்கிறாள். அவள்தான் பருவமடைந்த நம் மகள். அதிலும் குறிப்பாக, மூத்த மகள்.

தாயும் தகப்பனும் விடியுமுன் பால் வெட்டப் புறப்படும் வீட்டில் அவளுடைய ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை 4.30 க்கு எழுகிறாள். 6 மணி வரை தேநீர், சோறு, தம்பி தங்கையரைக் கிளப்பும் வேலை. அது 1½ மணி. 7.30 முதல் 2 வரை பள்ளிக்கூடம். அது 6½ மணி. 3 முதல் 5 வரை துணி துவைத்தல், வீடு கூட்டுதல். 6 முதல் 8 வரை சமையல், பாத்திரம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல். எல்லாம் சேர்ந்து 12 மணி நேரம். பஸ்ஸில் போகும் நேரத்தையும், தன் பாடத்தைப் படிக்கும் நேரத்தையும் நாம் இதில் சேர்க்கவில்லை. அவள் படுக்கும்போது மணி 10.30. மறுநாளும் 4.30 க்கு எழவேண்டும்.

பிள்ளைகள், இளம் வயதினர் வேலைச் சட்டம் 1966 இல் இயற்றப்பட்டது. இன்றுள்ளபடி, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து நாளொன்றுக்கு 7 மணியைத் தாண்டக்கூடாது. 15 முதல் 18 வயதுக்குட்பட்டவர்க்கு 8 மணியைத் தாண்டக்கூடாது என்று அது விதிக்கிறது. இச்சட்டம் முதலாளிக்குத்தான், நம் அடுப்படிக்கு அல்ல என்று சொல்லலாம். உண்மைதான். ஆயினும் அந்நிய முதலாளி ஒருவன் நம் பிள்ளையிடம் வாங்கக்கூடாது என்று சட்டம் தடுத்திருக்கும் அளவைப் பெற்றவர்களாகிய நாமே மீறி வாங்குவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

இந்த வயதில் உடம்பும் மூளையும் வளர்கின்றன. 13 வயதிலிருந்து 18 வரையுள்ள பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் அளவாகும். 6 மணி நேரமே தூங்குகிறவள் வகுப்பில் கண்ணயர்கிறாள், எடுத்ததற்கெல்லாம் சிடுசிடுக்கிறாள். நாம் அதற்குச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் வைத்துவிடுகிறோம். களைப்பு என்ற உண்மையான பெயர் மட்டும் நம் வாயில் வருவதில்லை.

பெண் பெரியவளானதும் பந்தல் போட்டு, கடன்பட்டாவது சடங்கு செய்து ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோம். அது நம் வழக்கம், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒரு நாள் ஆரவாரத்துக்குப் பிறகு நடப்பதென்ன? விளையாட்டு நிற்கிறது, தோழிகள் வீட்டுக்குப் போவது நிற்கிறது, தகப்பன் முகம் கொடுத்துப் பேசுவதும் நிற்கிறது. வேலையும் காவலும் மட்டும் கூடுகின்றன. தன் உடம்பில் நடப்பது என்னவென்று அவளுக்கு எடுத்துச் சொல்வாரில்லை. மாதவிலக்கு நோயுமல்ல, வெட்கப்படவேண்டிய காரியமுமல்ல என்பதைத் தாய் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்நாட்களில் இரத்தம் போவதால் இரும்புச் சத்து குறையும். ஆகவே மீன், முட்டை, கீரை ஆகியவை வேலைக்குப் போகும் ஆண்களின் தட்டில் விழுவதுபோல் அவள் தட்டிலும் விழவேண்டும். 13 வயது மாணவியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசித் திட்டத்தை அரசாங்கம் 2010 இல் தொடங்கியது. அதற்கான சம்மதக் கடிதம் பள்ளியிலிருந்து வந்தால், பயந்து ஒதுக்கிவிடாமல் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.

உடம்பைப் போலவே மனத்துக்கும் நோவு உண்டு. 2022 இல் நாடு முழுதும் பள்ளிப் பிள்ளைகளிடையே சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியருக்கு நம் வீட்டு நிலை தெரியும். அங்கிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பெண், மலாய்மொழியில் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்காரும்போதும், தெரியாத முகங்களுக்கு நடுவே பாடம் புரியாமல் விழிக்கும்போதும் மனமுடைந்து போகலாம். பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதிருத்தல், தூக்கம் கெடுதல், பள்ளிக்குப் போக மறுத்தல், விரும்பிச் செய்ததையெல்லாம் விட்டு ஒதுங்குதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அதட்டாதீர்கள். பேய் பிடித்தது என்று ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா, மனசுக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை புத்திமதி சொல்லாமல் கேளுங்கள்.

செத்துப்போகலாம் என்ற பேச்சு அவள் வாயிலிருந்து வந்தால் அதை விளையாட்டாக எண்ணலாகாது. அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் கேசாகிவிடும் என்று முன்பு பல குடும்பங்கள் இதை மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023 இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி மறைக்கக் காரணமில்லை. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அரசாங்கத்தின் 15999 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

"நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், வேலை பழகட்டுமே" என்று பாட்டிமார் சொல்லக்கூடும். பழகட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மகனும் உடன் பழகட்டும் என்பதே நம் வாதம். தட்டைக் கழுவினால் ஆண்பிள்ளையின் கை தேய்ந்துவிடாது. பால் வெட்டுவதிலே ஆணும் பெண்ணும் சரிநிகராக நிரை பிடிக்கும்போது, வீட்டு வேலையில் மட்டும் எதற்கு வேற்றுமை?

பள்ளியை நிறுத்தி மணமுடித்துவிடலாம் என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். முஸ்லிமல்லாதாருக்கான 1976 ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு, மந்திரி புசார் அல்லது முதலமைச்சரின் சிறப்பு அனுமதியின்றித் திருமணம் பதிவாகாது. எத்தனையோ தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகிவிட்டன. தோட்டத்தையே நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கையில் ஒரு படிப்பிருந்தால் நம் பெண் அந்தப் பாட்டைப் படவேண்டியதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பவை மூன்றே. வீட்டு வேலையை ஆண், பெண் பாராமல் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடுங்கள். தகப்பனும் ஒரு பங்கெடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மகளுக்கு முழு ஓய்வு நாளாக இருக்கட்டும். அன்று அவள் படிக்கலாம், தோழியோடு பேசலாம், சும்மாவும் இருக்கலாம். நாள்தோறும் கால் மணி நேரமாவது, குடியும் சண்டையும் இல்லாத நேரத்தில், அவள் பேச்சைக் கேளுங்கள்.

கிளைச் சங்கங்களுக்கும் ஒரு கடமையுண்டு. தோட்டத்து மண்டபத்தை மாலையில் இரண்டு மணி நேரம் படிக்கும் இடமாகத் திறந்துவிட நிர்வாகத்திடம் கேளுங்கள். மாதர் பிரிவினர் தாய்மாரைக் கூட்டிப் பேசட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேருங்கள்.

தோட்டத்துரையிடம் நமக்காகக் கேட்ட ஓய்வை நம் வீட்டு மகளுக்கு மறுப்பது தொழிற்சங்கத் தர்மம் ஆகாது.