அனுப்புநர் பெயரை நம்பாதீர்கள்

‘உங்கள் ரீஃபண்ட் தயார், இன்று மாலைக்குள் வங்கிக் கணக்கை உறுதிசெய்யுங்கள்’ என்று வருமான வரித்துறையின் பெயரில் மின்னஞ்சல் வருகிறது. மேலே அரசு முத்திரை, கீழே நீல நிறத்தில் ஒரு லிங்க். கணக்குத் தாக்கல் செய்த கையோடு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால், அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுவிடலாம். 1982-இல் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் நெறிமுறையை வகுத்தபோது, அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்க அதில் வழி வைக்கவில்லை. பிற்பாடு சேர்த்த எஸ்பிஎஃப், டிமார்க் போன்ற காவல்கள் பல போலிகளை வடிகட்டுகின்றன; எல்லாவற்றையும் அல்ல. ஆகவே லிங்க்கைத் தொடாமல், தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார்ப்பதே உத்தமம். பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ மின்னஞ்சலில் கேட்பதில்லை என்று வரித்துறையே சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பும் இதே ரகம்தான். திறந்தால் பத்திரிகை இருக்காது. ஒரு செயலி இறங்கும், அனுமதி கொடுத்துவிட்டால் ஓடிபி எஸ்எம்எஸ்களைப் படிக்கும். இதையெல்லாம்விட எரிச்சல் தருவது, ஏமாந்தவரைப் பார்த்து ‘படிச்சவருக்கு இதுகூடவா தெரியாது?’ என்று கேட்கும் நம் வாய்தான். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் விஷயத்தை வீட்டிலேயே மறைக்கிறார்கள். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கத்தை ஒதுக்கிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அறிவுரையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.