ஆங்கிலம் பழகுவோம்: சோடியாக வரும் சொற்கள்



சென்ற மாதம் அக்கா ஒருவர் ஆங்கிலப் படிவம் ஒன்றுடன் என்னிடம் வந்தார். 2009 இலிருந்து அவருடைய கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. "மரணச் சான்றிதழும் கேட்கினம் தங்கச்சி. அவர் இருக்கிறார் எண்டுதான் நான் நம்புறன். அதை எப்படிப் போய் எடுப்பன்?" என்று கண்கலங்கினார்.

படிவத்தை வாங்கி வாசித்தேன். 'ஐதர் எ டெத் சேர்ட்டிபிக்கேட் ஓர் எ சேர்ட்டிபிக்கேட் ஒப் அப்சன்ஸ்' என்று இருந்தது. அதாவது, மரணச் சான்றிதழ் அல்லது காணாமற்போனமைக்கான சான்றிதழ். இரண்டில் ஒன்று போதும். இரண்டாவது, 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. அது அக்காவின் பையிலேயே இருந்தது! இரண்டு பெயர்களையும் கண்டவர், இரண்டும் வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

தமிழில் 'ஆவது', 'உம்' என்பன சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். அண்ணனாவது தம்பியாவது, அம்மாவும் மகளும் என்கிறோம். ஆங்கிலத்தில் இவை சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும். முதலாவதைக் கண்டதும் அதன் சோடியைத் தேடுங்கள்.

ஐதர் – ஓர்: இரண்டில் ஒன்று.
போத் – அன்ட்: இரண்டும். படிவத்தில் இப்படி இருந்தால் இரண்டையும் கொண்டுபோக வேண்டும்.
நைதர் – நோர்: இரண்டும் இல்லை.

கடைசிச் சோடியில்தான் பலரும் பிழை விடுகிறோம். வீடும் இல்லை, வேலையும் இல்லை என்பதை அக்கா, 'ஐ டோன்ட் ஹாவ் நைதர் எ ஹவுஸ் நோர் எ ஜொப்' என்று எழுதியிருந்தார். 'நைதர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. ஆகவே 'டோன்ட்' வேண்டாம். 'ஐ ஹாவ் நைதர் எ ஹவுஸ் நோர் எ ஜொப்' என்பதே சரி.

இன்னொன்று: 'ஐதர்', 'நைதர்' வரும்போது வினைச்சொல் தனக்குக் கிட்ட உள்ள பெயரையே பார்க்கும். 'நைதர் மை சன்ஸ் நோர் மை டோட்டர் இஸ் வேர்க்கிங்'. மகன்மார் பலர் என்றாலும், கிட்ட நிற்பது ஒரு மகள். அதனால் 'இஸ்'. 'போத் – அன்ட்' வந்தால் எப்போதும் பன்மைதான்.

அக்கா அன்றே படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை.

சகோதரிகளே, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வசனம் உங்கள் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எந்தப் படிவத்திலும் கையொப்பம் வைக்கமுன் இந்தச் சோடிச் சொற்களைத் தேடிப் பாருங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.