பெட்டிக்குள் பூட்டி வைத்த வேதாளம்

சென்ற கோடை விடுமுறைக்குப் பேத்தி நாகபுரிக்கு வந்திருந்தாள். பத்து வயது. துணிமணிப் பையைவிடப் புத்தகப் பைதான் கனம். திறந்து பார்த்தால் ஹாரி பாட்டர். ஜிம் கே என்னும் ஓவியர் வண்ணப் படங்கள் வரைய, 2015 முதல் ஒவ்வொன்றாக வெளிவந்த பெரிய அளவுப் பதிப்பு. எதிர் வீட்டு மராத்திச் சிறுமிக்கும் அதே கதைப் பைத்தியம் என்று தெரிந்ததும் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். எந்த வேலைக்கு எந்த மந்திரச் சொல், யார் எந்த அணி என்று ஓயாத விவாதம். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

"இந்த மந்திரவாதிப் பையன் கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன். அதோடு நிற்காமல், எங்கள் காலத்து அம்புலிமாமாவைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கமும் செய்தேன். பொறுமையாகக் கேட்ட பேத்தி, "உன் ராஜா நடுராத்திரியில் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம், என் கதையில் மந்திரம் மட்டும் இருக்கக் கூடாதா தாத்தா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. "சரி, அந்தப் புஸ்தகத்தைக் காட்டு" என்றாள்.

பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். விழுப்புரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது வாங்கிய இதழ்கள். ஆண்டு வாரியாகச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி அம்மா பைண்டு செய்தவை. பேத்தி ஒவ்வொரு படமாகக் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு எழுத்தின் மேல் விரலை வைத்து, "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, நீயே படி" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

அம்புலிமாமா 1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியது. தொடங்கியவர்கள் நாகி ரெட்டியும் சக்கரபாணியும். பின்னர் ஹிந்தியில் சந்தாமாமா, மராத்தியில் சாந்தோபா, மலையாளத்தில் அம்பிளி அம்மாவன், ஒரியாவில் ஜன்ஹமாமு என்று பல மொழிகளுக்கும் பரவியது. கதையும் படமும் எல்லா மொழிக்கும் பொது. எழுத்து மட்டுமே வேறு.

வேதாளக் கதைகளின் மூலம் பழைய வடமொழி நூல்களில் இருக்கிறது. காஷ்மீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்திலும் அவை உண்டு. மூலத்தில் கதைகள் 25தான். அம்புலிமாமாவோ அந்தச் சட்டத்துக்குள் புதுப்புதுக் கதைகளை வைத்துப் பல நூறு மாதங்கள் ஓட்டியது. அரசன் மௌனம் காக்க வேண்டும். ஆனால் விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். அடுத்த மாத இதழுக்காக நம்மைத் தெருவாசலில் நிற்க வைத்த பொறி இதுதான்.

கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை வரைந்தவர் 'சங்கர்' என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன். 2020 செப்டம்பரில் காலமானார். 2021இல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பத்திரிகை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். ரயில்வே உத்தியோகத்தில் எத்தனையோ ஊர் மாற்றல். ஒவ்வொரு தடவையும் பாத்திரம் நசுங்கினாலும் பரவாயில்லை, அந்த டிரங்குப் பெட்டிக்குச் சேதம் வரக்கூடாது என்று நானே தூக்கி வைப்பேன். மகன் எட்டு வயதில் அதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டான். பக்கம் கிழிந்துவிடும் என்று பூட்டுப் போட்டேன். "பெரியவனானதும் தருகிறேன்" என்றேன். அப்போது நாங்கள் பூசாவல் ரயில்வே காலனியில் இருந்தோம். ஒருநாள் அவன் வேதாளக் கதை ஒன்றை ஒன்றுவிடாமல் சொன்னான். "எங்கேடா படித்தாய்?" என்றேன். பக்கத்து வீட்டுப் பையனின் சாந்தோபாவில் படித்தானாம், மராத்தியில். நான் பெருமைப்பட்டுச் சிரித்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். என் மகனுக்கு அதே கதை, அதே படம், அண்டை வீட்டில் தாராளமாகக் கிடைத்தது. அப்பாவின் தமிழ்ப் பிரதி மட்டும் பூட்டுக்குள் இருந்தது. அவன் பெரியவனானான். தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். அவன் மகளும் அப்படியே.

இதை நான் ஒருவன் மட்டும் செய்யவில்லை. நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சங்கத்தில் கூடினால் அம்புலிமாமாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பழைய இதழுக்காகக் கடை கடையாக அலைகிறோம். கிடைத்தால் உறை போட்டு அலமாரியில் வைக்கிறோம். இந்த ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் பேத்தியின் ஆர்வத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவள் தன் புத்தகத்தை எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இரவல் கொடுத்தாள். ஒரு பக்கம் மடிந்து வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை, பேச ஒரு ஆள் கிடைத்ததே பெரிது. நம் ஆர்வம் நம்மோடு முடிகிறது. அவள் ஆர்வம் இன்னொருவரைத் தொற்றிக்கொள்கிறது.

பிணமும் பேயும் எதற்கு, ஆத்திசூடியும் திருக்குறளும் சொல்லித் தரலாமே என்று சில அன்பர்கள் கேட்கலாம். அவை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் முதல் மாதம் இருபது பேர், மூன்றாம் மாதம் ஐந்து பேர் என்று குறைவதை நான் பார்த்திருக்கிறேன். கதை என்ன ஆயிற்று என்ற தவிப்பு வந்த குழந்தையை எழுத்துக் கூட்டிப் படி என்று கெஞ்ச வேண்டியதில்லை.

அன்று நான் கதையைப் படித்து, வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தினேன். பேத்தி அதை ஹிந்தியில் தோழிக்குச் சொன்னாள். மறுநாள் காலை வரை இருவரும் விடைக்காகச் சண்டை போட்டார்கள். ஊருக்குப் போவதற்குள் தினம் ஒரு கதை. ரயில் ஏறுமுன், ஒரு தலைப்பை மட்டும் தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு நிமிடம் பிடித்தது. எனக்கு அது போதும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பெரியவர் ஒருவர் ஒரு கதையைப் படிக்கட்டும்; கேள்வியோடு நிறுத்தட்டும். பிள்ளைகள் எந்த மொழியில் விடை சொன்னாலும் சரி. ஹாரி பாட்டரும் தமிழில் வந்திருக்கிறது. அதையும் வாங்கி வையுங்கள். முதல் மாதம் நான் வந்து படிக்கிறேன். அம்மா தைத்த தொகுதிகளையும் நூலகத்துக்குத் தந்துவிடுகிறேன், ஒரே நிபந்தனையோடு: அந்த அலமாரிக்குப் பூட்டுப் போடக் கூடாது. பக்கங்கள் கிழியும். கிழியட்டும், கோணி ஊசி என்னிடம் இருக்கிறது.