இணைப்பு அறுந்தாலும் பில் அறுவதில்லை



கிளைக் கூட்டங்களில் சம்பளம், சேமலாப நிதி, மழைநாள் வேலை எல்லாம் பேசி முடிந்து எழுந்து போகும் நேரத்தில் ஒரு முறைப்பாடு வரும். "வீட்டில் இன்டர்நெட் நின்று பத்து நாளாகிறது, பில் மட்டும் தவறாமல் வருகிறது." கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கே கூடினாலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். இதெல்லாம் சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். சங்கத்தின் வேலைதான் என்பது எங்கள் பதில்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது வகுப்பு வட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தது. டேட்டா போட்ட வீட்டுப் பிள்ளை படித்தது, போட முடியாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. பாடசாலைகள் திறந்து வருடங்கள் ஆகின்றன, ஆனால் இணையத்தின் தேவை குறையவில்லை. பரீட்சைப் பெறுபேறு திணைக்களத்தின் இணையத்தளத்தில்தான் முதலில் வருகிறது. வேலை விண்ணப்பத்துக்கும் விசாவுக்கும் ஈமெயில் முகவரி கேட்கிறார்கள். கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் மகன் உம்மாவின் முகத்தைப் பார்ப்பதும் இந்த இணைப்பின் ஊடாகத்தான்.

கூலிக் கணக்கையும் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. எந்தத் தோட்டமானாலும் நாட்கூலிக்காரருக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. பில்லைப் பற்றிக் கேட்க ஒரு நாள் கல்முனைக்கு வந்தால் அன்றைய கூலியும் போகிறது, பஸ் காசும் போகிறது. போதாததற்கு 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதம். வரியோடு காசு வாங்கிக்கொண்டு சேவையைத் தராமல் விட்டால், அது நம் உழைப்பிலிருந்து எடுத்த காசு.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறை நாமே கண்டுபிடிக்க வேண்டும். நம் கையில் இல்லாத கோளாறுக்கு உரிய இடத்தில், உரிய முறையில் கணக்குக் கேட்க வேண்டும்.

முதலில் வீட்டைப் பார்ப்போம்

இணையம் நின்றால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் பிழை தெருவில் அல்லது அதற்கு அப்பால். அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் ரவுட்டரைப் பாருங்கள். அதன் கரண்ட் வயரைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் கொழுவி, ஐந்து நிமிடம் பொறுங்கள். பல நேரம் இதோடு சரியாகிவிடும். பின்னால் ஊசி போன்ற ஒரு சின்னத் துளை இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே பதிந்த விபரமெல்லாம் அழிந்துவிடும், பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். அதைத் தொடாதீர்கள்.

சரியாகவில்லையென்றால் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'லொஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். கம்பி எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது வீட்டுக்குள் அலுமாரியின் பின்னால் மடிந்திருக்கலாம். ஃபைபர் கம்பி கண்ணாடி இழை, மடித்தால் உடையும். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதி செய்யும்.

பழைய செப்புக் கம்பி டெலிபோன் இணைப்பு என்றால் ரிசீவரைக் காதில் வைத்துப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் பிழை பெரும்பாலும் கம்பியில்தான். சத்தம் இருந்தும் இணையம் இல்லையென்றால், டெலிபோனையும் ரவுட்டரையும் பிரிக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றிவிட்டு ரவுட்டரை நேரே கொழுவிப் பாருங்கள். நமது கரையில் உப்புக் காற்று செம்பை விட்டுவைப்பதில்லை. இணைப்பு முனையில் பச்சை பூத்திருந்தால் காரணம் அதுதான். முனையை மாற்றுவது சின்ன வேலை.

எல்லா விளக்கும் சரியாக இருந்தும் ஆமை வேகம் என்றால் டேட்டா முடிந்திருக்கலாம். பல பெக்கேஜ்களில் அளவு முடிந்ததும் இணையம் நிற்காது, வேகத்தை மட்டும் குறைத்துவிடுவார்கள். சில பெக்கேஜ்களில் இரவுக்கென்று தனி டேட்டா உண்டு, பகலில் அது உதவாது. ரவுட்டர் வைத்த இடமும் முக்கியம். கொங்கிறீட் சுவருக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் பின்னால் வைத்தால் அலை வராது. சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் கோபுரம் இருக்கும் திசையில் உள்ள ஜன்னலோரம் வையுங்கள். ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருந்தால், 5 கிகாஹெட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டாது. 2.4 கிகாஹெட்ஸ் வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும்.

இணையம் இருக்கிறது, வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் மட்டும் திறக்கவில்லை என்றால் பிழை வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அப்போது ரவுட்டரை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் பயன் இருந்திருக்காது.

டீவி தெரியவில்லை என்றால்

முதலில் ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனைப் பாருங்கள். பிள்ளைகள் மாற்றி வைத்திருப்பார்கள். டிஷ் இணைப்பில் பெருமழை கொட்டும்போது படம் உடைவது இயல்பு, மழை ஓய்ந்தால் வரும். மழை விட்டும் வராவிட்டால், கேபிளின் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது காற்றுக்கு டிஷ் சற்றே திரும்பியிருக்கலாம். ஒரு விரலளவு திரும்பினாலும் படம் போய்விடும். முன்பணம் கட்டும் இணைப்பு என்றால் மீதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டெலிபோன் இணைப்போடு வரும் டீவி என்றால் ரவுட்டர் வேலை செய்யாமல் டீவி வேலை செய்யாது. ஊர்க் கேபிள் என்றால் இடையிலுள்ள பெருக்கிப் பெட்டிகளுக்கும் கரண்ட் வேண்டும். நம் வீட்டில் கரண்ட் இருந்து அடுத்த குறிச்சியில் இல்லையென்றாலும் படம் வராது.

கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பப் போகாதீர்கள். தெருவில் விழுந்து கிடக்கும் வயர் டெலிபோன் வயரா கரண்ட் வயரா என்று கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. மின்சார சபைக்கு 1987இல் அறிவியுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் அதிகம். வானம் கறுத்தால், இடி தொடங்க முன்னரே ரவுட்டரின் கரண்ட் வயரையும் டெலிபோன் வயரையும் டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

ஈமெயில் யாருடையது?

நம் வீடுகளில் ஈமெயிலால் வரும் கஷ்டம் பெரும்பாலும் இயந்திரத்தால் வருவதில்லை. கொமியூனிகேஷன் கடையில் ஒருவர் திறந்து தந்திருப்பார். மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் டெலிபோனைப் போட்டிருப்பார். பாஸ்வேர்ட் ஒரு துண்டுக் கடதாசியில் இருக்கும், அதுவும் தொலைந்திருக்கும். நேர்முகத்துக்கு அழைத்து வந்த கடிதம் திறக்க ஆளில்லாமல் கிடக்கும். சிலருக்கு வெளிநாட்டு ஏஜென்ட்டே ஈமெயில் திறந்து தன் கையில் வைத்துக்கொள்கிறார். விசாவும் ஒப்பந்தமும் அவர் கண்ணைத் தாண்டித்தான் நம்மிடம் வரும். ஒப்பந்தத்தில் இருக்கும் சம்பளம் என்ன என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

இன்றே செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் படிக்கும் பிள்ளையை இருத்தி, மீட்பு எண்ணாக உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். டெலிபோனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை வங்கி என்று சொன்னாலும், ஏஜென்ட் என்று சொன்னாலும், யாருக்கும் கொடுக்காதீர்கள். கணக்கை யாராவது பிடித்துக்கொண்டால் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் அறிவிக்கலாம். கடிதம் வரவில்லை என்றால் 'ஸ்பாம்' பெட்டியையும் திறந்து பாருங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜீபி இடம். ஈமெயிலும் டெலிபோனிலிருந்து தானாக ஏறும் படங்களும் அந்த ஒரே இடத்தில்தான் சேரும். கல்யாண வீட்டு வீடியோ ஏறி நிறைந்துவிட்டால் புதிய கடிதம் வாசலோடு திரும்பிவிடும். பெரியவற்றை அழித்து, குப்பைப் பெட்டியையும் காலிசெய்யுங்கள்.

முறைப்பாடு செய்வது எப்படி?

இத்தனையும் பார்த்த பிறகும் சரியில்லை என்றால் பொறுப்பு நிறுவனத்துடையது. ஸ்ரீ லங்கா ரெலிகொம் இணைப்பு என்றால் 1212. மற்றவர்களுக்குப் பில்லில் அச்சிட்ட எண். பேசும்போது எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, எப்போதிருந்து, பக்கத்து வீட்டின் நிலை என்ன என்று சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் டெலிபோனை வைக்காதீர்கள். திகதி, நேரம், இலக்கம் மூன்றையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். சேவை இல்லாத நாட்களுக்குரிய காசைப் பில்லில் கழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் தானாகக் கழிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நிறுவனம் அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, எண் 1900. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச அமைப்பு அது. விற்ற பெட்டி பழுது, சொன்ன சேவையைத் தரவில்லை என்ற முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, எண் 1977. இவற்றுக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அது சலுகையல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை.

இன்னொரு கருவியும் நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளையும் கட்டுப்படுத்தும். ஸ்ரீ லங்கா ரெலிகொமில் அரசின் பங்கு ஏறக்குறையப் பாதி. ஆகவே கல்முனைப் பிரதேசத்தில் ஒரு வருடத்தில் எத்தனை முறைப்பாடு வந்தது, சராசரி எத்தனை நாளில் சரிசெய்தார்கள், எத்தனை பேருக்குக் காசைக் கழித்தார்கள் என்று நாம் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். தனி ஆள் புலம்பினால் கதையாகப் போகும், எண்ணோடு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கம்பத்தில் ஏறுபவரும் நம்மவரே

ஒன்றை மறக்க வேண்டாம். வயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கச்சான் காற்றிலும் மாரி மழையிலும் கம்பத்தில் ஏறும் பிள்ளையும் தொழிலாளிதான். 2016 இறுதியில் ரெலிகொமின் 'மேன்பவர்' தொழிலாளர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலை, ஆனால் இடையில் ஆள் வழங்கும் கம்பனி. தோட்டத்தில் கொந்தராத்து முறையைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. டெலிபோனில் பதில் சொல்லும் பிள்ளையை ஏசுவதால் இணைப்பு வராது. கேள்வி, போதிய ஆட்களைப் போடாத நிர்வாகத்திடம் போக வேண்டும்.

ஆகவே கிளைச் செயலாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி திறக்க வேண்டும் என்று கேட்கிறோம். பெயர், முறைப்பாட்டு இலக்கம், நின்ற திகதி, சரியான திகதி, பில்லில் கழித்த தொகை என்று ஐந்து நிரல் போதும். பத்துப் பேர் சேர்ந்ததும் ஒரே கடிதமாக, பதிவுத் தபாலில் அனுப்புவோம். பத்துப் பேர் பத்து நாள் கூலியை இழந்து கல்முனைக்கு அலைவதை விட, கையெழுத்திட்ட ஒரு கடிதம் தூரம் போகும். வாசிக்கத் தெரியாத மூத்தவர்களின் பில்லை வாசித்துச் சொல்வது இளைஞர் அணியின் வேலையாக இருக்கட்டும்.

இது பொழுதுபோக்குக்கான சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வருகிறது என்று சொல்ல நமக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். இன்று அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, 117 என்ற எண் இருக்கிறது. டெலிபோனிலும் டீவியிலும் எச்சரிக்கை வருகிறது. ஆனால் இணைப்பு உயிரோடு இருக்கும் வீட்டுக்குத்தான் அது வந்து சேரும். கடற்கரை வீடொன்றில் பத்து நாள் இணைப்பு இல்லையென்றால், பத்து நாள் அந்த வீட்டின் காதை அடைத்து வைத்ததற்குச் சமம்.

மாரி தொடங்க முன்னர் கொப்பியைத் திறவுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாதப் பில்லையும் கையோடு கொண்டு வாருங்கள்.